படை சுருங்க, சிப்பாய் வளர்ந்த கதை

1838ஆம் ஆண்டு ஐரோப்பா இரண்டு பொம்மைப் படைகளைப் பார்த்தது. ஒன்று லண்டனில், பிக்கடிலி வீதியின் எகிப்திய மண்டபத்தில் காட்சிக்கு வந்தது. வில்லியம் சைபோர்ன் என்ற ராணுவ அதிகாரி செய்த வாட்டர்லூ போர்க்கள மாதிரி அது. ஏறத்தாழ 75,000 உலோகச் சிப்பாய்கள். ஆளுக்கு ஒரு சென்டிமீட்டர் உயரம். இன்னொரு படை கோபன்ஹேகனில் அச்சான சிறுவர் கதை ஒன்றுக்குள் இருந்தது. ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் எழுதிய கதை. பழைய வெள்ளீயக் கரண்டி ஒன்றை உருக்கி வார்த்த 25 சிப்பாய்கள். கடைசி ஆளுக்கு உலோகம் போதவில்லை. அவனுக்கு ஒரே கால். மற்ற 24 பேரைப் பற்றி ஆண்டர்சனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கதை முழுக்க அந்த ஒற்றைக்காலனுடையது.

ராணுவ உருவங்களைப் பெரிய அளவில் தானே வடித்து, தானே வண்ணம் தீட்டி வைக்கிற பொழுதுபோக்கு இன்று உலகம் முழுக்க இருக்கிறது. சாண் உயரச் சிப்பாய் ஒருவனுக்காக மாதக்கணக்கில் மேசையில் குனிந்திருக்கிறார்கள். இது எங்கே பிறந்தது என்று என்னைக் கேட்டால் ஓர் ஊரையோ ஒரு மனிதரையோ காட்ட மாட்டேன். சைபோர்னின் படை, ஆண்டர்சனின் ஒற்றை ஆளாகச் சுருங்கி வந்த வழியைத்தான் காட்டுவேன். எண்ணிக்கை குறையக் குறைய உயரம் கூடியது. அந்த வழியில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு புதுப் பொருள் காத்திருந்தது.

சைபோர்ன் பாவம், படையே வேண்டும் என்று நினைத்த மனிதர். 1830இல் வேலையை ஏற்றுக்கொண்டு, போர் நடந்த இடத்திலேயே லா ஹே சான்ட் பண்ணை வீட்டில் எட்டு மாதம் தங்கி நிலத்தின் மேடுபள்ளத்தை அளந்தார். உயிரோடிருந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் போட்டு, அன்று மாலை ஏழு மணி வாக்கில் உங்கள் பிரிவு எங்கே, எந்த வரிசையில் நின்றது, எதிரே யார் இருந்தார்கள் என்று கேட்டார். 1833இல் அரசாங்கம் பணம் தருவதை நிறுத்திவிட்டது. மனிதர் கடன் வாங்கி வேலையை முடித்தார். காட்சிக்குக் கூட்டம் அலைமோதியது. ஆனால் துணைக்கு வந்த பிரஷ்யப் படை எந்த நேரத்தில் எவ்வளவு தூரம் வந்திருந்தது என்பதில் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் தரப்புக்கு மனத்தாங்கல். ஒரு கட்டத்தில் பிரஷ்யச் சிப்பாய்கள் பலரை மாதிரியிலிருந்தே அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று. அந்த மாதிரி இன்று லண்டன் செல்சியாவில் உள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எனக்கு அதைவிடச் சுவாரசியமானது அவருடைய இரண்டாவது மாதிரி. 1844இல் முடித்தது, இப்போது லீட்ஸ் நகரின் ராயல் ஆர்மரீஸில் இருக்கிறது. அதில் அவர் முழுப் போரையும் எடுத்துக்கொள்ளவில்லை. பிற்பகலில் நடந்த ஒரு குதிரைப்படைப் பாய்ச்சல் மட்டுமே. உருவங்கள் சில ஆயிரம்தான், ஆனால் முதல் மாதிரியில் இருந்தவற்றைவிடப் பெரியவை. 75,000 பேரைச் செய்து கடனாளியான கை, அடுத்த முறை குறைவான ஆட்களைப் பெரிதாகச் செய்யத் துணிந்திருக்கிறது.

அந்தக் காலத்துப் பொம்மைச் சிப்பாயின் தாயகம் ஜெர்மனியின் நூரெம்பெர்க். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஹில்பெர்ட் குடும்பத்தார் போன்ற வெள்ளீயக் கொல்லர்கள் அங்கே தட்டைச் சிப்பாய்களை வார்த்தார்கள். இரண்டு சிலேட்டுக்கல் பலகைகளில் ஆளின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் எதிரெதிராகக் குடைவார்கள். இரண்டையும் சேர்த்து இறுக்கி, மேலிருந்து உலோகத்தை ஊற்றுவார்கள். பக்கவாட்டில் பார்த்தால் தகடு. 1839இல் தொழில் தொடங்கிய எர்ன்ஸ்ட் ஹைன்ரிக்சன், உயரத்தை 30 மில்லிமீட்டர் அளவில் நிலைநிறுத்தினார். எந்தப் பெட்டியை எப்போது வாங்கினாலும் படை ஒன்றோடொன்று சேரும். மெல்லிய மரச்சீவல் பெட்டியில் அடைத்து எடைக்குத்தான் விற்றார்கள். எடைக்கு விற்கிற சரக்குக்கு முகம் எதற்கு? பின்னாளில் இதே தட்டை உருவங்களில் ஓவியம் போல நிழலும் ஒளியும் தீட்டி அசரவைத்த கைகள் ஜெர்மனியில் தோன்றியது உண்மை. குல்ம்பாக் நகரின் பிளாஸன்பர்க் கோட்டை அருங்காட்சியகத்தில் சுமார் 3 லட்சம் உருவங்கள் நிற்கின்றன. ஆனால் அங்கும் கண் முதலில் பார்ப்பது கூட்டத்தைத்தான்.

தட்டைச் சிப்பாயை உருண்டையாக்கி, அதையும் மலிவாகக் கொடுத்தவர் லண்டன்காரரான வில்லியம் பிரிட்டன். 1893இல் அவர் கண்ட வழி எளிமையானது. ஈயமும் ஆன்டிமனியும் கலந்த குழம்பை அச்சில் ஊற்ற வேண்டும். அச்சுச் சுவரைத் தொட்ட குழம்பு முதலில் உறையும். நடுவில் இன்னும் உறையாததை உடனே கவிழ்த்து வெளியே கொட்டிவிட வேண்டும். கையில் மிஞ்சுவது உள்ளே கூடான சிப்பாய். உலோகம் மிச்சம், எடை குறைவு, விலையும் குறைவு. ஜெர்மனியிலிருந்து வந்த கெட்டிப் பொம்மைகள் அந்த விலையில் நிற்க முடியவில்லை. உயரம் 54 மில்லிமீட்டர். அப்போது வீடுகளில் ஓடிய பொம்மை ரயிலுக்குப் பொருத்தமாக எடுத்த அளவு அது. இன்றுவரை இந்தப் பொழுதுபோக்கின் அடிப்படை அளவாக அதுவே இருக்கிறது. ரயில் பெட்டிக்கு எடுத்த அளவை நெப்போலியன் படைக்கு இவ்வளவு காலம் கட்டிக்கொண்டு அழுவது எனக்கு வேடிக்கையாகத்தான் படுகிறது.

பிரிட்டனின் சிவப்புப் பெட்டியைத் திறந்தால் நம் கொலுப் படியில் வைக்கும் பேண்டு வாத்திய செட்டைப் போல எட்டுக் காலாட்கள் அல்லது ஐந்து குதிரைவீரர்கள். எல்லோருக்கும் ஒரே அச்சு, ஒரே முகம். வண்ணம் தீட்டுவது பெரும்பாலும் பெண்கள். கன்னத்துக்கு ஒரு பொட்டுச் சிவப்பு, கண்ணுக்கு ஒரு புள்ளி, அடுத்தது. பிரிட்டன் நிறுவனத்தின் பட்டியலில் மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி என்ற பெட்டியும் உண்டு. நம் ஊர்ச் சிப்பாய்கள் எட்டு பேர், ஒரே பழுப்பு நிறத்தில், ஒரே கண்ணோடு.

இத்தனை படைகள் இருந்தால் சண்டை வேண்டுமே. கென்ட் கடற்கரையில் சான்ட்கேட் என்ற சிற்றூரில் வசித்த எச்.ஜி.வெல்ஸ், ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியும் பிரிட்டன் சிப்பாய்களுமாகத் தரையில் மண்டியிட்டு ஆடிய ஆட்டத்துக்கு விதிகள் வகுத்து, 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகமாகப் போட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு பீரங்கியைக் குறிபார்த்துச் சுட்டு ஆட்டத்தைத் தொடங்கிவைத்தவர் நகைச்சுவை எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம். பெரிய போருக்கு இந்தச் சின்னப் போரே மேல் என்பது வெல்ஸின் கட்சி. அடுத்த ஆண்டே பெரிய போர் வந்துவிட்டது.

இந்தப் பொழுதுபோக்கு முளை விட்டது அதற்கும் பிறகுதான். 1935இல் லண்டனில் பிரிட்டிஷ் மாடல் சோல்ஜர் சொசைட்டி தொடங்கியது. 1941இல் பிலடெல்பியாவில் அமெரிக்கச் சங்கம் ஒன்று. வளர்ந்த மனிதர்கள் பொம்மையை வைத்துக்கொண்டு வெட்கமில்லாமல் கூடிப் பேச இடம் கிடைத்தது. கூடியவர்கள் செய்த முதல் காரியம் பொம்மையின் தலையை வெட்டியதுதான். ஒருவன் தலையை இன்னொருவன் கழுத்தில் பற்றவைப்பது, கையை வளைப்பது, மெழுகாலோ ஈயத் தகட்டாலோ புதுக் கோட்டு போடுவது. கடையில் கிடைக்காத ஓர் ஆள் வேண்டும் என்ற ஆசை அங்கேதான் வெளிப்படுகிறது. அதே காலத்தில் ரிச்சர்ட் கோர்ட்னி, நூறாண்டுப் போரின் வீரர்களை ஒவ்வொருவராக விற்றார். ஒவ்வொரு குதிரைவீரனுக்கும் வரலாற்றில் இருந்த ஒரு பெயர், அந்தப் பெயருக்குரிய கேடயச் சின்னம். பெட்டிச் சரக்கு பெயருள்ள ஆளாக மாறியது.

1966இல் பிரிட்டன் நிறுவனம் ஈயப் பொம்மையை நிறுத்தியது. குழந்தைகள் வாயில் வைப்பதால் வந்த சட்டக் கெடுபிடி. இடத்தைப் பிளாஸ்டிக் பிடித்தது. பிரான்சின் ஹிஸ்டோரெக்ஸ், நெப்போலியன் காலத்து வீரனைப் பாலிஸ்டைரீன் துண்டுகளாகப் பிரித்து விற்றது. குதிரைக்கு இடது பாதி தனி, வலது பாதி தனி. எந்த இடதோடும் எந்த வலதையும் சேர்த்தால் புதுப் பாய்ச்சல். தலை, கை, வாளுறை, தோல் பை எல்லாம் உதிரியாகவே கிடைத்தன. பிளாஸ்டிக்கைச் சூடு காட்டினால் வளையும், கத்தியால் சீவலாம், பசையால் கரைத்து ஒட்டலாம். இந்த உதிரிகளை வெட்டி ஒட்டிப் பழகிய ஒரு தலைமுறை, வெட்டுவதற்கு மிச்சம் இல்லாமல் போனபோது முழு ஆளையே தானாக வடிக்கத் தொடங்கியது. இங்கிலாந்தின் ரே லேம்ப் அப்படி உருமாற்றத்திலிருந்து சிற்பத்துக்கு வந்தவர்.

சரி, வடிக்கிறார்கள்; ஏன் பெரிதாக வடிக்க இவ்வளவு காலம்? காரணம் எடை. உயரம் இரண்டு மடங்கானால் கன அளவு எட்டு மடங்கு. 54 மில்லிமீட்டர்ச் சிப்பாயை அதே உலோகத்தில் 120 மில்லிமீட்டராக வார்த்தால் ஏறத்தாழ 11 மடங்கு உலோகம் தின்னும். எடை, விலை, தபால் செலவு எல்லாம் சேர்ந்து உலோகக்காரனைக் கட்டிப்போட்டிருந்தன. கட்டை அவிழ்த்தவை இரண்டு. 1980களில் சிலிகான் ரப்பர் அச்சும் பாலியூரிதேன் ரெசினும் வந்தன. சமையலறை மேசையிலேயே வார்த்துவிடலாம், உலை வேண்டாம். பெல்ஜியத்தின் ஃபிரான்ஸ்வா வெர்லிண்டன் 120 மில்லிமீட்டர் ரெசின் உருவங்களை உலகம் முழுக்கக் கொண்டுபோனார். இரண்டாவது பொருள்தான் தனி ஆளின் கைக்கு வந்த வரம்: எபாக்சி புட்டி.

வேல்ஸின் டோல்கெத்லி என்ற சிற்றூரிலிருந்து வருகிறது மில்லிபுட். இரண்டு குச்சிகள், சம அளவு கிள்ளி நிறம் ஒன்றாகும்வரை பிசைய வேண்டும். மூன்று நான்கு மணி நேரத்தில் சூளை இல்லாமலே கல்லாகும். பிறகு அரம் போடலாம், துளையிடலாம், மேலே இன்னொரு அடுக்கு ஏற்றலாம். நம் ஊரில் குழாய் ஒழுகினால் பூசும் எம்-சீலும் இதே குலம்தான். இங்கே சிலர் அதிலேயே கை பழகியவர்கள். சூட்டில் இறுகும் பாலிமர் களிமண் இன்னொரு வழி. அதில் ஃபிமோ என்ற புகழ்பெற்ற வகை, ஜெர்மன் பொம்மைக் கலைஞர் கேத்தே க்ரூஸேயின் மகள் பொம்மைத் தலை செய்யக் கையாண்ட பொருளிலிருந்து வந்தது. அடுப்பில் வைக்கும்வரை அது இறுகாது. முகத்தோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டுகிறவர்களுக்கு அது நிம்மதி. புட்டி அப்படிக் காத்திருக்காது. நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். கை திருந்துவதும் அந்த அவசரத்தில்தான் என்பது என் எண்ணம்.

வேலை எலும்பிலிருந்து தொடங்கும். செப்புக் கம்பியில் நிற்கும் நிலை. தலையின் ஏழரை எட்டு மடங்கு உடல் உயரம். தோளும் இடுப்பும் எதிரெதிர்ச் சாய்வு. கம்பி நிற்கும்போதே ஆள் களைத்திருக்கிறானா, காவல் நிற்கிறானா என்று தெரிந்துவிட வேண்டும். பிறகு அம்மண உடல். கோட்டு மூடப்போகிற உடம்பை எதற்குச் செய்வது என்று புதியவர்கள் கேட்பார்கள். துணி தானாக மடிவதில்லை; முழங்கை, முழங்கால், தொடைச்சந்து, முதுகுப்பையின் வார் ஆகிய இடங்களில் இழுபட்டுத்தான் மடிகிறது. உள்ளே எலும்பு சரியான இடத்தில் இல்லாவிட்டால் மடிப்பு பொய் சொல்லும். உடல் இறுகியபின் காற்சட்டை, அது இறுகியபின் கோட்டு, பிறகு வார்கள். வாருக்கு ஒரு காலத்தில் ஒயின் புட்டியின் வாயைச் சுற்றியிருந்த ஈயத் தாளைத்தான் எல்லோரும் சேர்த்துவைத்தார்கள். வளைத்தால் வளைந்தபடி நிற்கும், தோல் போலவே தொங்கும். 1990களில் ஒயின்காரர்கள் ஈயத்தைக் கைவிட்டபோது இந்தக் கூட்டத்துக்கு உண்மையான துக்கம்.

பெரிய அளவு கேட்கும் விலை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. இரண்டு சென்டிமீட்டர்ப் பொத்தான், 54 மில்லிமீட்டர்ச் சிப்பாயில் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஒரு பொட்டு வைத்தால் போதும். ஆறில் ஒரு பங்கு அளவில் அதே பொத்தான் மூன்று மில்லிமீட்டரைத் தாண்டும். நெப்போலியனின் காலாட்படைப் பொத்தானில் படைப்பிரிவின் எண் இருந்தது. அளவு பெரிதானால் அந்த எண்ணைப் பொறிக்க வேண்டும். பொறிக்க எண் தெரிய வேண்டும். எண் தெரிந்தால் அந்தப் பிரிவு அந்த ஆண்டு எங்கே இருந்தது, கோட்டு புதிதா கந்தலா, காலில் பூட்ஸ் மிஞ்சியிருந்ததா என்று வரிசையாகக் கேள்விகள். பொம்மை செய்ய உட்கார்ந்தவர் ஆவணக் காப்பகத்தில் போய் முடிகிறார். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் உள்ள ஆன் எஸ்.கே. பிரவுன் ராணுவ ஓவியத் தொகுப்பு போன்றவற்றில் சீருடைப் படங்களைத் தேடுகிறவர்களில் இவர்களும் உண்டு.

வண்ணத்திலும் அளவு விதியை மாற்றுகிறது. சின்ன உருவத்தில் மடிப்பின் ஆழம் மயிரளவு. அறை விளக்கு அதற்குள் நிழலை விழவைக்காது. அதனால் வெளிச்சம் தலைக்கு மேலிருந்து வருவதாக வைத்துக்கொண்டு நிழலையும் ஒளியையும் தூரிகையால் தீட்டிவிட வேண்டும். சிகாகோவின் ஷெப் பெயின் தன் புத்தகங்களில் இதைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். 1980இல் வந்த அவருடைய டயோராமா (காட்சியமைப்பு) நூலைப் படித்து வளர்ந்தவர்கள் ஏராளம். ஆனால் உருவம் ஒரு முழம் ஆகும்போது மடிப்பு தன் நிழலைத் தானே போட்டுக்கொள்கிறது. அங்கே பழைய பழக்கத்தில் அழுத்தித் தீட்டினால் மிகையாகிவிடும். சேமித்த நேரமெல்லாம் தோலுக்குப் போகும். அக்ரிலிக் அடித்தளத்தின் மேல் எண்ணெய் வண்ணம். பர்ன்ட் சியன்னா, மஞ்சள் ஓக்கர், வெள்ளை. மூக்கு நுனியிலும் காது மடலிலும் கொஞ்சம் சிவப்பு, மழித்த தாடையில் சாம்பல் படர்வு. கண்ணின் வெள்ளையைச் சுத்த வெள்ளையாக வைத்தால் ஆள் பேயறைந்தவன் போல விழிப்பான். மேலிமை கருவிழியைக் கொஞ்சம் மூடியிருக்க வேண்டும்.

உண்மைத் துணியையே உடுத்திவிட்டால் என்ன? 1964இல் ஹாஸ்ப்ரோ விற்பனைக்கு விட்ட ஜி.ஐ. ஜோ அதைத்தான் செய்தது. ஓர் அடிக்குச் சற்றுக் குறைந்த உயரம், மூட்டுக்கு மூட்டு அசையும் உடல், தைத்த சீருடை. மனித உடலுக்கு உரிமை கொண்டாட முடியாது என்பதால் போலியைக் கண்டுபிடிக்க வலது கன்னத்தில் ஒரு தழும்பு வைத்தார்கள். படைப் பொம்மையின் முகத்தில் கவனத்தோடு வைக்கப்பட்ட அந்த அடையாளம், வழக்கறிஞர் யோசனையில் பிறந்தது! 1999 முதல் ஹாங்காங்கின் டிராகன் நிறுவனம் இந்த ஆறில் ஒரு பங்கு அளவைப் பெரியவர்களின் அலமாரிக்குக் கொண்டுவந்தது. நூல், தையல், பித்தளைக் கொக்கி எல்லாம் அருமை. ஆனால் துணியின் தடிமன் அளவோடு சேர்ந்து குறைவதில்லை. சின்ன உடம்பில் அது விறைத்து நிற்கும், விழாது. சிற்பிகள் புட்டியை விடாததற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

1980களின் நடுவிலிருந்து ஆண்டுதோறும் இவர்களெல்லாம் கூடிய இடம் ஃபோக்ஸ்டன் கடற்கரையின் லீஸ் கிளிஃப் அரங்கம். யூரோ மிலிட்டேர் என்று பெயர். வெல்ஸ் மண்டியிட்டு ஆடிய சான்ட்கேட் அதற்கு அடுத்த ஊர். அங்கே மேசையில் நின்ற உருவங்களில் பாதிப்பேர் சண்டையே போடவில்லை. புகை பிடிப்பவன், பனியில் காலைத் துணியால் சுற்றியவன், கடிதம் படிப்பவன். அமெரிக்கர் பில் ஹோரன் புட்டியில் வடித்த விக்டோரியா காலத்துச் சிப்பாய்களில் வெயிலில் வியர்த்துப்போனவர்களே மனத்தில் நிற்கிறார்கள். வாளை ஓங்கியவனை எட்டிலிருந்து பத்து வயதுப் பையன்கள் பார்த்தார்கள். பெரியவர்கள் நின்றது மற்றவர்களிடம். இப்போது கணினித் திரையிலேயே வடித்து முப்பரிமாண அச்சுப்பொறியில் எடுக்கிறார்கள். விரலடையாளம் தெரியாது, இடதும் வலதும் துல்லியமாக ஒத்திருக்கும். மனித முகம் அப்படி ஒத்திருப்பதில்லை என்பதை நல்லவர்கள் மறப்பதில்லை.

பிரிட்டன் பெட்டியின் அந்த எட்டு மெட்ராஸ் சிப்பாய்களில் ஒருவனை இன்று யாராவது சாண் உயரத்துக்கு வடிக்க உட்கார்ந்தால் முதல் கேள்வியே ஆண்டுதான். 1806 என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கு வந்த உத்தரவுப்படி சீருடையில் இருக்கும்போது நெற்றியில் நாமமோ திருநீறோ கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசை எல்லோருக்கும் ஒரே மாதிரி. தலையில் ஐரோப்பியத் தொப்பியை ஒத்த, தோல் சின்னம் செருகிய புதுத் தலைப்பாகை. ஜூலை 10ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் சிப்பாய்க் கலகம் வெடித்தது இதன்மேல்தான். பிறகு தலைப்பாகை உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். ஆக, சிற்பி தன் ஆளை ஜூலைக்கு முன் நிறுத்துகிறாரா, பின்பா? எந்தத் தலைப்பாகை? கடுக்கனைக் கழற்றிய காதில் துளை உண்டல்லவா? ஐந்து சென்டிமீட்டர்ப் பொம்மைக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது.

சான்று தேடினால் தஞ்சாவூர் ஓவியர்கள் கம்பெனிக்காரர்களுக்காக வரைந்த படங்கள் கிடைக்கும். அவற்றில் ஒரு சிக்கல். அவர்கள் எந்தத் தொழிலாளியையும் பெரும்பாலும் மனைவியோடு சேர்த்தே வரைந்தார்கள். சிப்பாய்க்குப் பக்கத்திலும் அவள் நிற்கிறாள். சிவப்புக் கோட்டு நன்றாக வடிக்கத் தெரிந்த பலருக்குச் சேலை தண்ணி காட்டும். கோட்டில் தையல் இருக்கிறது, மடிப்பு எங்கே தொடங்கும் என்று அது சொல்லிவிடும். சேலையில் இடுப்பும் தோளும் மட்டுமே பிடி. புட்டியை டால்கம் பவுடர் தூவி மெல்லிய தகடாகத் தேய்த்து, பாதி இறுகும்வரை விட்டு, அப்புறம் போர்த்த வேண்டும். கொசுவத்தைத் தனியாக மடித்துச் செய்து கடைசியில் பொருத்துவது நல்லது. உடம்பிலேயே மடித்து இறக்கப் பார்த்தால் மூன்றாவது மடிப்பில் கிழியும்.